பழைய காரு ஆயில் குடிக்குது, பெட்ரோல் வாடையும் வருது: எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கிறது?

செகண்ட் ஹேண்ட்ல பழைய மாருதி 800, ஜென், சான்ட்ரோன்னு ஏதாவது ஒண்ணு வாங்கி ஓட்ட ஆரம்பிச்சவங்க அடிக்கடி கேக்குறது ரெண்டு விஷயம். "ஆயில் குறைஞ்சுகிட்டே போகுது, ஒர்க்‌ஷாப்ல இன்ஜின் பிரிக்கணும்னு சொல்றாங்க, பிரிக்கலாமா?" அப்புறம் "வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வருது, ஓட்டலாமா?" ரெண்டையும் சேத்தே எழுதுறேன், ஏன்னா நிறைய பழைய வண்டியில ரெண்டும் ஒரே முடிச்சுல இருக்கும், ஒண்ண மட்டும் பாத்துட்டு இன்னொண்ண விட்டா காசு தப்பான இடத்துல போயிடும்.

எங்க வீட்டு வண்டி 1997 மாருதி 800, கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடுற பாகம்) மாடல், 796 சிசி, மூணு சிலிண்டர். ஒரு கட்டத்துல இதுல நீலப்புகை வர ஆரம்பிச்சுது, ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம், பானட்ட தொறந்து ரெண்டு தடவ ரேஸ் பண்ணி பாத்துட்டு "ரிங்கு போச்சு சார், போர் அடிச்சு பிஸ்டன் மாத்தணும்"னு சொல்லிட்டாங்க, அதாவது பிஸ்டன சுத்தி ஆயில் மேல ஏறாம தடுக்குற வளையம் தேஞ்சு போச்சு, இன்ஜின பிரிச்சு சிலிண்டர கடைஞ்சு பெருசாக்கணும்னு. பிளக்க கழட்டல, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம்) எடுக்கல. அப்பாதான் "இருடா, ஒரு வாரம் நாமளே பாப்போம், அப்புறம் பிரிக்கலாம்"னு வண்டிய வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொன்னாரு. கடைசில பாத்தா ரிங்கு நல்லாத்தான் இருந்துச்சு, போனது வால்வு ஆயில் சீலும் (வால்வு தண்டு வழியா ஆயில் உள்ள இறங்காம தடுக்குற ரப்பர்) பெட்ரோல் பம்பும். அந்த வாரத்துல நாங்க செஞ்ச வரிசையத்தான் இங்க சொல்றேன், கூடவே அதுக்கப்புறம் தெரிஞ்சுகிட்டதும்.

எல்லாத்துக்கும் முன்னாடி: பெட்ரோல் ஒழுகுதா?

வாடைன்னா மொதல்ல ஸ்டார்ட் பண்ணாம பானட்ட தொறந்து பாருங்க. ஹோஸ், கார்ப்ரேட்டர், பம்ப், வண்டிக்கு அடியில டேங்க் பக்கம், எங்கயாவது ஈரமா பெட்ரோல் தெரிஞ்சா அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளி வெட்டவெளியில நிறுத்துங்க. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், மேல போகாம தரையோட தரையா தேங்கி நிக்கும், மைனஸ் 40 டிகிரி கிட்டயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற பொருள் அது, நம்ம ஊரு வெயில்ல சொல்லவே வேண்டாம். பிளக்குக்கு கரண்ட பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒரு சின்ன பொறி போதும். லைட்டர் வெளிச்சத்துல ஒழுகல் தேடுறவங்கள நான் நேர்ல பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம், பேட்டரி டார்ச் எடுங்க, அதையும் தள்ளி நின்னு போட்டுட்டு கிட்ட வாங்க. ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒண்ணு கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜின ஓட விட்டு சோதனை பண்ணாதீங்க, சைலன்சர் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

ஈரம் எங்கயும் இல்ல, வாடை மட்டும்தான்னா மேற்கொண்டு படிங்க.

ஆயில் எவ்வளவு குறையுதுன்னு அளக்கணும்

"நிறைய குடிக்குது"ங்கறது கணக்கு இல்ல. சமதளத்துல வண்டிய நிறுத்தி, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்க (ஆயில் மட்டம் பாக்குற, ரெண்டு கோடு போட்ட கம்பி) எடுத்து பனியன் வேஸ்ட்ல சுத்தமா தொடச்சு, முழுசா உள்ள விட்டு திரும்ப எடுத்து பாருங்க. மொத தடவ எடுக்குறது எப்பவும் தப்பாத்தான் காட்டும், பைப் ஓரத்துல ஒட்டின ஆயிலும் சேந்து வரும். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே நேரம். மேல் கோடு வரைக்கும் ஆயில் ஊத்தி, கிலோமீட்டர நோட்டுல எழுதிக்கோங்க, 500 கிலோமீட்டர் ஓடினப்புறம் திரும்ப மேல் கோடு தொட எத்தன மில்லி ஊத்த வேண்டியிருக்குன்னு அளவு குவளையில அளந்து ஊத்துங்க. நிறைய கார்ல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல சுமார் ஒரு லிட்டர் இருக்கும், சின்ன இன்ஜின்ல அதவிட கம்மியா இருக்கலாம், வண்டியோட புக்ல பாத்துக்கோங்க. ஓடோமீட்டர் வேலை செய்யலன்னா போட்ட பெட்ரோல் லிட்டர வச்சு கணக்கு போடலாம், கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பரவால்ல.

எவ்வளவு குறைஞ்சா பயப்படணும்? கம்பெனி புக்குகள்லயே 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் அனுமதிக்கிற மாடல்லாம் இருக்கு, ஆனா என்னோட கணக்கு வேற. பழைய வண்டியில 1000 கிலோமீட்டருக்கு 300 மில்லிக்குள்ளன்னா நான் ஊத்திக்கிட்டே ஓட்டுவேன், 500 தாண்டினா காரணம் தேடுவேன், ஒரு லிட்டர்னா தூரப் பயணத்துக்கு எடுக்கவே மாட்டேன்.

டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க

நிறைய பேரு விட்டுடுற இடம் இதுதான், எங்க வண்டியோட கதையும் இங்கதான் திரும்புச்சு. ரெண்டாவது நாள் காலையில அப்பா டிப்ஸ்டிக்க வெளிய எடுத்தாரு. சைலன்சர்ல நீலப்புகை வர்ற வண்டி, மூணு வாரமா ஒரு சொட்டு ஆயில் ஊத்தல, அப்படின்னா லெவல் கீழ இருக்கணும் இல்லியா, ஆனா மேல் கோட்டுக்கும் மேல ஒரு விரல்கடை நின்னுச்சு. அப்பா அத மூக்குகிட்ட கொண்டு போயி கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு, அப்புறம் எங்கிட்ட நீட்டினாரு. பெட்ரோல் பங்க்ல நிக்கிற மாதிரி வாடை. ரெண்டு விரல்ல தேச்சு பாத்தா வழவழப்பே இல்ல, தண்ணி மாதிரி ஓடுது. பேப்பர் ஓரத்துல ஒரு சொட்டு விட்டாரு, நடுவுல கருப்பு வட்டம், அத சுத்தி வெளிறின வளையம் ஒண்ணு அகலமா பரவுச்சு.

கார்ப்ரேட்டர் வண்டியில பெட்ரோல் பம்ப, வால்வுகள தொறந்து மூடுற கேம்ஷாஃப்ட்தான் தட்டி தட்டி ஓட வைக்கும், பழைய மெக்கானிக்குங்க இத ஏசி பம்புன்னு சொல்வாங்க, குளிர் ஏசிக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த பம்புக்குள்ள ரப்பர் டயாபிரம் ஒண்ணு இருக்கு. அது கிழிஞ்சா பெட்ரோல் இன்ஜின் உள்பக்கமா இறங்கி நேரா ஆயிலோட கலந்துடும். மேல ஒரு பக்கம் ஆயில் எரிஞ்சு புகையா போகுது, கீழ இன்னொரு பக்கம் பெட்ரோல் வந்து அந்த இடத்த நிரப்புது, லெவல் மட்டும் அப்படியே நிக்குது. "என் வண்டியில ஆயில் குறையவே இல்லயே"ன்னு நிம்மதியா இருக்கறவங்க ஒரு தடவ மோந்து பாத்துடுங்க. பெட்ரோல் கலந்த ஆயில் மெலிஞ்சு போயி பேரிங்க காப்பாத்தாது, மெலிஞ்ச ஆயில் ரிங்கையும் வால்வு கைடையும் (வால்வு தண்டு ஏறி இறங்குற குழாய்) தாண்டி இன்னும் வேகமா எரியும். அதுமட்டுமில்லாம ஆயில்ல இருக்குற பெட்ரோல் சூட்டுல ஆவியாகி, இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய வெளியேத்துற பிரீதர் ஹோஸ் வழியா ஏர் ஃபில்டருக்கே திரும்பி வரும், வாடையும் வரும், மிக்ஸ்சரும் ரிச் ஆகும், அதாவது காத்தோட கலக்குற பெட்ரோல் அளவு கூடிடும். ஒரே ஒரு ரப்பர் வட்டு, ரெண்டு புகாருலயும் அதுக்கு பங்கு இருக்கு.

பம்ப் பாடியில ஒரு சின்ன ஓட்டை இருந்தா அதுல ஈரம் இருக்கான்னு பாருங்க. பம்ப கழட்டி அடிப்பக்கத்த பாத்தாலே பெட்ரோல் ஈரமும் வாடையும் தெரிஞ்சுடும், லீவர கையால அமுக்கினா கிழிஞ்ச டயாபிரம்ல கசியறதும் தெரியும். இந்த வேலை தெரியலன்னா மெக்கானிக்கையே கழட்ட சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க.

2000-க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ (கார்ப்ரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல் விடுற) வண்டியில இந்த பம்ப் கிடையாது, கரண்ட் பம்ப் டேங்குக்குள்ளயே இருக்கும். அதுல ஆயில்ல பெட்ரோல் வாடைன்னா இன்ஜெக்டர் ஒழுகுதா, ஏதாவது ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகி எரியாத பெட்ரோல் ரிங்க தாண்டி இறங்குதா, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போயி இன்ஜின் எப்பவும் குளிர்ந்தே இருக்குன்னு நெனச்சு அதிகமா பெட்ரோல் விடுதான்னு பாக்கணும். பிரஷர் ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே இருக்குற மாடல்னா அதுக்கு வர்ற வேக்கூம் ஹோஸ கழட்டி பாருங்க, உள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா ரெகுலேட்டர் போச்சு. தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துற வண்டியிலயும் லேசா வாடை இருக்கும், அரை மணி நேரம் ஹைவேல ஓட்டினா அது போயிடும், போகலன்னாதான் பிரச்சன.

லெவல் மேல் கோட்ட தாண்டி பெட்ரோல் வாடையும் இருந்தா அந்த ஆயிலோட ஓட்டாதீங்க.

வெளிய ஒழுகுதா?

உள்ள எரியுதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வெளிய பாக்கணும். ராத்திரி வண்டிக்கு அடியில பெரிய அட்டைப்பெட்டிய பிரிச்சு விரிச்சு, முன் சக்கரம் ரெண்டும் எங்க இருக்குன்னு பேனால குறிச்சுடுங்க. காலையில சொட்டு எந்த இடத்துல விழுந்திருக்குன்னு பாத்தா மேல எந்த பாகம்னு சொல்லிடலாம். பழுப்பு இல்ல கருப்பு, பிசுபிசுப்புன்னா ஆயில். பச்சையோ சிவப்போ வழுவழுன்னு இருந்தா கூலன்ட். பெட்ரோல் ஆவியாகிடும், வெறும் கறை மட்டும் நிக்கும்.

டேப்பட் கவர் (இன்ஜின் மேல் மூடி) பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ ரிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர், சம்ப் (அடியில ஆயில் தங்குற தொட்டி) பேக்கிங், கிராங்க் முன்பின் ஆயில் சீல், இவ்வளவுதான் வழக்கமான இடங்க. ஓடுற காத்து ஆயில பின்னாடி தள்ளிட்டு போகும், அதனால ஈரமா இருக்குற இடத்துலயே உயரமான, முன்னாடி இருக்குற இடத்த தேடுங்க, அதுக்கு கீழ எல்லாம் வழிஞ்சது. எல்லாமே நனைஞ்சு கெடந்தா நல்லா கழுவி காய வச்சு, முகத்துக்கு போடுற பவுடர தூவிட்டு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, ஒழுகல் எங்க தொடங்குதுன்னு கோடு போட்ட மாதிரி தெரியும். டேப்பட் கவர்ல ஒழுகி சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல விழுந்தா கருகின ஆயில் வாடை வரும், அத சில பேரு பெட்ரோல் வாடைன்னு நெனச்சு குழம்பிடுவாங்க. கருகின எண்ணெய் வேற, பெட்ரோல் வேற, நின்னு மோந்தா பிரிச்சு சொல்லிடலாம்.

இதோட பிரீதர் ஹோஸ், அந்த ஆவிய இன்ஜினுக்கே திருப்பி விடுற பிசிவி வால்வயும் பாத்துடுங்க. இது அடைச்சா உள்ள காத்தழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாவே ஆயில வெளிய தள்ளும், தொறந்தபடி மாட்டிக்கிட்டா ஆயில் ஆவிய இன்ஜினே உறிஞ்சு எரிக்கும். வால்வ கழட்டி ஆட்டினா கடகடன்னு சத்தம் வரணும். ஐடில்ல ஓடும்போது ஆயில் ஊத்துற மூடிய தொறந்து பாருங்க, லேசா காத்து வர்றது பழைய வண்டியில சகஜம், புஸ்சு புஸ்சுன்னு புகையோட அடிச்சா ஹோஸ் அடைப்பா இல்ல ரிங்கு பிரச்சனையான்னு தேடணும். ஹோஸ் மாத்துற செலவு ஒண்ணுமே இல்ல, இத பாக்காம இன்ஜின இறக்கின வண்டிங்க நிறைய.

புகை எப்ப வருதுன்னு பாருங்க

நீலம்னா ஆயில், கருப்புன்னா பெட்ரோல் அதிகம், வெள்ளைன்னா தண்ணி ஆவி. குளிர்காலத்துல காலையில கொஞ்ச நேரம் வெள்ளையா வர்றது சாதாரணம், சூடானப்புறமும் வந்தா கூலன்ட் லெவல பாருங்க.

நிறத்த விட நேரம்தான் முக்கியம். ராத்திரி பூரா நின்னு காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு கொத்து நீலப்புகை வந்துட்டு அடங்கினா வால்வு சீல் வழியா ஆயில் சொட்டி தேங்கியிருக்கு. ஆக்சிலேட்டர அமுக்கி ஏறும்போது விடாம வந்தா ரிங்கு பக்கம் சந்தேகம். ஆக்சிலேட்டர விட்டு இறங்கி வந்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தா திரும்பவும் வால்வு சீல், கைடு, ஏன்னா கால எடுத்ததும் இன்ஜினுக்குள்ள வேக்கூம் அதிகமாகி ஆயில வால்வு தண்டு வழியா உறிஞ்சும்.

எங்களுக்கு இத சொன்னது ஏற்காடு ரோடு. சேலத்துல இருந்து மேல போற அந்த 20 ஹேர்பின் பெண்ட்ல ஏறும்போதும் இறங்கும்போதும் மாமா பையன் பைக்ல பின்னாடியே வந்தான். ஏறும்போது புகையே இல்ல. செகண்ட் கியர்ல ஆக்சிலேட்டர தொடாம இறங்கி, பெண்ட் திரும்பினதும் மிதிச்சா வந்துச்சு. கீழ வந்ததும் "மச்சான், மிதிக்கிற அந்த நேரம் மட்டும் குப்புன்னு நீலமா வருது, அடுத்த நிமிஷம் காணோம்"னான். அப்பவே ரிங்கு மேல இருந்த சந்தேகம் பாதி போயிடுச்சு. மலை பக்கத்துல இல்லன்னா ஏதாவது பெரிய மேம்பாலம் போதும், பின்னாடி பாக்க ஒரு ஆளு மட்டும் வேணும்.

பிளக், கம்ப்ரஷன்

பிளக்க கழட்டி எது எந்த சிலிண்டர்னு வரிசையா வைங்க, கலந்துட்டா பிரயோஜனம் இல்ல. நுனி வெளிர் பழுப்புன்னா நல்லது. காஞ்ச கரி பவுடர் மாதிரி கருப்புன்னா பெட்ரோல் ரிச். ஈரமா கருப்பா எண்ணெய் பூசினாப்ல இருந்தா ஆயில். ஒரே ஒரு பிளக் மட்டும் எண்ணெயா இருந்தா அந்த சிலிண்டர மட்டும் கவனிச்சா போதும், மூணுமே கரியா இருந்தா கார்ப்ரேட்டரையோ சோக்கையோ பாருங்க.

அடுத்தது கம்ப்ரஷன், இத எடுக்காம யாரு போர் அடிக்கச் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. இன்ஜின் சூடா இருக்கணும், பேட்டரி நல்லா இருக்கணும், பிளக் எல்லாத்தையும் கழட்டிடணும், இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டிச்சிடணும், ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு பிடிச்சு அஞ்சாறு தடவ சுத்த விடணும். பொதுவா பெட்ரோல் இன்ஜின்ல 150-ல இருந்து 180 பிஎஸ்ஐ வந்தா ஆரோக்கியம், சரியான அளவு வண்டி மேனுவல்ல இருக்கும். சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் பத்து பதினஞ்சு சதவீதத்துக்குள்ள இருக்கணும். எங்கயாவது கம்மியா இருந்தா அந்த பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப எடுங்க. இப்ப நல்லா ஏறினா ரிங்கு தேஞ்சிருக்கு, ஆயில் தற்காலிகமா இடுக்க அடைக்குதுன்னு அர்த்தம். ஏறலன்னா வால்வு உக்காரல, இல்ல ஹெட் பேக்கிங். எங்க வண்டியில 162, 158, 165 வந்துச்சு. அத பாத்ததும் அப்பா நோட்டுல எழுதி அடியில கோடு போட்டாரு. நல்ல கம்ப்ரஷன் வந்தாலும் ஆயில் ரிங் மட்டும் கரி பிடிச்சு ஒட்டிக்கிட்டு ஆயில் குடிக்கிற இன்ஜின் உண்டு, அதனால கம்ப்ரஷனையும் புகை வர்ற நேரத்தையும் சேத்து வச்சு முடிவு எடுங்க.

வால்வு சீல் மாத்துறது பெரிய வேலை கிடையாது. பிளக் ஓட்டை வழியா காத்து ஏத்தி வால்வு கீழ விழாம பிடிச்சுக்கிட்டு ஹெட்ட இறக்காமலே மாத்துற ஆளுங்களும் இருக்காங்க. மாத்தும்போது வால்வ கையால அசைச்சு பாக்க சொல்லுங்க, ஆட்டம் அதிகமா இருந்தா கைடும் தேஞ்சிருக்கு, புது சீல் சீக்கிரமே போயிடும்.

மிச்சம் இருக்குற வாடை

ஆயில்ல பெட்ரோல் இல்ல, ஆனாலும் வாடை வருதுன்னா அது எப்ப வருதுன்னு பாருங்க. டேங்க் ஃபுல் பண்ணதும் வந்தா மூடி ரப்பர், ஊத்துற கழுத்து ஹோஸ், டேங்க் மேல இருக்குற சீல். எம்பிஎஃப்ஐ வண்டியில பின் சீட்டுக்கு அடியில பம்ப் மூடி இருந்தா அதையும் பாருங்க, உள்ள மட்டும் வாடை வர்றதுக்கு அது பெரிய காரணம். ஓட்டி நிறுத்தினப்புறம் சூட்டுல வந்தா இன்ஜின் பக்கத்து ஹோஸ், கிளிப், இன்ஜெக்டர் ஓ ரிங், கார்ப்ரேட்டர் ஓவர்ஃப்ளோ. மாருதி 800 கார்ப்ரேட்டர்ல சின்ன கண்ணாடி ஒண்ணு இருக்கு, பெட்ரோல் மட்டம் நடு வட்டத்துக்குள்ள நிக்கணும், அத தாண்டினா பெட்ரோல் வரத்த அடைக்குற ஃப்ளோட் ஊசி பிடிக்கல. வண்டி ஓடும்போது சைலன்சர் பக்கமா வந்தா மிக்ஸ்சர் ரிச்.

ஹோஸ் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்கதான் அதுக்கேத்த ரப்பரோட வருது. நம்ம பழைய வண்டி ஹோஸ், டயாபிரம், ஓ ரிங் எல்லாம் அதுக்காக செஞ்சது இல்ல. ஹோஸ மடக்கி பாருங்க, மேல் தோல்ல வெடிப்பு தெரிஞ்சாலோ, உப்பி பிசுபிசுன்னு இருந்தாலோ மொத்தமா மாத்துங்க, வாங்கும்போது பெட்ரோலுக்குன்னு இருக்குற ஹோஸா கேட்டு வாங்குங்க, தண்ணி ஹோஸ வெட்டி போட்டுடாதீங்க. கிளிப்பும் புதுசா போடுங்க.

பொல்யூஷன் செக் சீட்ட யாரும் படிக்கிறதில்ல, ஆனா அதுல நல்ல துப்பு இருக்கு. பழைய சீட்டையும் புது சீட்டையும் பக்கத்துல வச்சு பாருங்க, கார்பன் மோனாக்சைடு சதவீதம் மட்டும் ஏறியிருந்தா மிக்ஸ்சர் ரிச், ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தா மிஸ்ஸிங்கோ ஆயில் எரியறதோ. சின்ன செலவுல கேஸ் அனலைசர் ரிப்போர்ட்டு கெடைக்கிற மாதிரி அது.

சரி பண்ணும்போது வரிசை மாறக் கூடாது. மொதல்ல பெட்ரோல் கசிவ நிறுத்துங்க, பம்போ இன்ஜெக்டரோ எதுவோ. அன்னைக்கே ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க, பம்ப் போடாம ஆயில மட்டும் மாத்தினா ஒரே வாரத்துல புது ஆயிலும் கெட்டுடும். வண்டிக்கு சொன்ன கிரேடுலயே ஊத்துங்க, கெட்டியான 20-50 ஊத்தினா புகை குறையும்தான், ஆனா நோய் எங்கன்னு தெரியாம மறைச்சுடும், அளந்து முடிக்கிற வரைக்கும் வேண்டாம். புகை நிறுத்துற டப்பா மருந்து எதையும் நான் நம்புறதில்ல. பெட்ரோல் பக்கம் சரியானப்புறம் 500 கிலோமீட்டர் திரும்ப அளங்க, அப்ப வர்ற கணக்குதான் உங்க இன்ஜின் நிஜமா எவ்வளவு குடிக்குதுங்கற கணக்கு. எங்களுக்கு பம்ப் மாத்தினதும் ஆயில் "குறைய" ஆரம்பிச்சுது, 500 கிலோமீட்டருக்கு 350 மில்லி, அதுவரைக்கும் பெட்ரோல் மறைச்சு வச்சிருந்த அளவு அது. அதுக்கப்புறம்தான் வால்வு சீல் மாத்தினோம். இப்ப 1000 கிலோமீட்டருக்கு 150 மில்லி ஊத்துறோம், ஞாயித்துக்கிழமை காலையில அப்பா இன்னமும் டிப்ஸ்டிக்க எடுத்து மோந்து பாத்துட்டுதான் நோட்டுல எழுதுறாரு.